ஆர்ட் ஜர்னலுக்கு எந்தப் பசை? மைதா, வெள்ளைப் பசை, அக்ரிலிக் மீடியம்: ஓர் ஒப்பீடு

படம் ஒட்டியும் வரைந்தும் எழுதியும் நிரப்பும் நோட்டுதான் ஆர்ட் ஜர்னல். அதைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது பெயின்டைப் பற்றித்தான். எந்த பிராண்ட் வாட்டர்கலர் நல்லது, எத்தனை நிறம் உள்ள அக்ரிலிக் செட் வாங்கலாம் என்று கேட்பார்கள். பசையைப் பற்றிக் கேட்பவர்கள் அபூர்வம். வீட்டில் எந்த டப்பா இருக்கிறதோ அதை எடுத்து ஒட்டிவிடுகிறோம். ஆனால் இரண்டு கோடை, இரண்டு மழைக்காலம் கடந்தபிறகு அந்த நோட்டைத் திறந்தால், பக்கங்கள் சுருண்டிருப்பதும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டிருப்பதும் ஒட்டிய படம் உதிர்ந்து மடியில் விழுவதும் பெரும்பாலும் பசையின் வேலை.

காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்து சுவரில் மாட்டும் கொலாஜ் படத்துக்கும் ஜர்னலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, ஜர்னலை மூடி வைக்கிறோம் என்பது. ஒரு பக்கத்தின் முகம் அடுத்த பக்கத்தின் முகத்தின் மேல் மாதக்கணக்கில் படுத்திருக்கும். மேலே வேறு புத்தகங்களின் பாரம். சுற்றிலும் சென்னையின் மே மாதப் புழுக்கமோ, நாகப்பட்டினத்தின் நவம்பர் ஈரமோ. வெளிநாட்டு யூடியூப் வீடியோக்களில் அருமையாக வேலை செய்யும் ஒரு பசை இங்கே வேறு மாதிரி நடந்துகொள்வது இதனால்தான். ஆகவே நம் ஊர் நோட்டுக்குப் பசை தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது மூன்று: அது காகிதத்துக்குள் எவ்வளவு தண்ணீரை ஏற்றுகிறது, காய்ந்தபின் அதன் மேல்பரப்பு பிசுபிசுப்பாக இருக்கிறதா, பின்னாளில் பிரிக்க வேண்டுமென்றால் முடியுமா.

மைதாப் பசை

நம் ஊரில் சினிமா போஸ்டரும் தேர்தல் போஸ்டரும் சுவர் ஏறியது இந்தப் பசையில்தான். ஆடுமாடுகள் போஸ்டரைக் கிழித்துத் தின்பதற்கும் இதே பசைதான் காரணம். புத்தக பைண்டிங் கடைகளிலும் இது தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. மலிவான சமாச்சாரம் என்பதால் 'ஆர்ட்' என்ற சொல்லோடு சேர்த்துப் பார்க்க நமக்கு மனம் வருவதில்லை. ஆனால் இதன் நெருங்கிய உறவினரான கோதுமை ஸ்டார்ச் பசைதான் உலகெங்கும் அருங்காட்சியகங்களில் பழைய ஓவியங்களையும் ஆவணங்களையும் செப்பனிடுபவர்கள் கையாளும் பசை. ஜப்பானில் தொங்கும் சுருள் ஓவியங்களுக்குப் பின்னால் காகிதம் ஒட்ட, ஸ்டார்ச் பசையைப் பல ஆண்டுகள் ஜாடியில் ஊறவைத்துப் பழுக்கவிட்டுப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் இதை விரும்புவதற்கு முக்கியமான காரணம், தண்ணீர் காட்டினால் மறுபடி இளகும். நூறு ஆண்டு கழித்து ஒருவர் அதைப் பிரிக்க நினைத்தால், காகிதம் கிழியாமல் பிரிக்க முடியும்.

காய்ச்சுவது எளிது, அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட வேண்டும். சூடான தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும், பிறகு எத்தனை கிளறியும் போகாது. சிறு தீயில் வைத்துக் கை எடுக்காமல் கிளறுங்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். 60 டிகிரியைத் தாண்டும்போது திடீரென்று கரண்டி கனக்கும்; பால் வெள்ளை மங்கி, கண்ணாடி போன்ற ஒரு பளபளப்பு வரும். அங்கேயே இறக்கிவிடாமல் இன்னும் சில நிமிடம் வேகவிட வேண்டும். பச்சை மாவு வாசனை போனதும் இறக்கி, சூட்டோடு மெல்லிய துணியில் வடிகட்டி ஆறவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பத்திரிகைப் பக்கம், பழைய கடிதம், கையால் செய்த கைத்தாள், துணிக்கடைப் பையின் படம் என எந்தக் காகிதத்தையும் காகிதத்தோடு சேர்க்க இதைவிடச் சுகமான பசையை நான் பார்த்ததில்லை. ஒட்டியபின் படத்தை நகர்த்தி நேராக்க நேரம் தரும். காய்ந்ததும் பக்கம் காகிதமாகவே இருக்கும். அதன் மேல் பேனா ஓடும், பென்சில் ஓடும், வாட்டர்கலர் ஓரளவு பிடிக்கும். எதிர்ப் பக்கத்தோடு அப்பவே அப்பாது.

குறைகளும் உண்டு. இதில் தண்ணீர் அதிகம், அதனால் பக்கம் நெளியும். இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் இது விருந்து. ஈரம் காயாமல் நோட்டை மூடினால் பூஞ்சை வரும். பூச்சி வராமலிருக்க பைண்டிங் கடைகளில் பசையோடு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பதுண்டு. வீட்டில் அந்த வேலை வேண்டாம். அது விஷம், போதாக்குறைக்கு, செம்பு உப்பு காகிதத்தை நாளடைவில் நொறுங்கவும் வைக்கும். கிராம்பு எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் பசை கெடுவது கொஞ்சம் தள்ளிப்போகும். கொஞ்சமாகக் காய்ச்சுவது, மெலிதாகப் பூசுவது, ஃபேன் காற்றில் முழுக்கக் காயவைப்பது, இவைதான் நம்பகமான வழி. மைதாவுக்குப் பதில் சோளமாவில், கடையில் கார்ன்ஃப்ளார் என்று கேட்டால் கிடைப்பதில், காய்ச்சினால் பசை இன்னும் வழவழப்பாகவும் வெளிறியதாகவும் வரும். மெல்லிய காகிதங்களுக்கு நான் அதைத்தான் எடுப்பேன். மைதாவில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அதில் இல்லை.

வெள்ளைப் பசை

1912இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் கிளாட்டே கண்டறிந்த வேதிப்பொருளின் வழி வந்தது பிவிஏ (பாலிவினைல் அசிடேட்) என்னும் இந்தப் பசை. அதே 1912இல்தான் பாரிசில் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் காகிதத்தையும் எண்ணெய்த் துணியையும் படத்தில் ஒட்டி கொலாஜை நவீன ஓவியத்துக்குள் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் வெள்ளைப் பசை என்றாலே 1959இல் வந்த ஃபெவிகால் என்ற பெயர்தான் வாயில் வரும்.

கடையில் ஃபெவிகால் என்று மட்டும் கேட்டால் போதாது. எஸ்ஹெச் என்பது மர வேலைக்கானது. கெட்டியாக இருக்கும், காகிதத்தில் பூசினால் தடித்து விறைக்கும். எம்ஆர் என்ற பிதுக்கும் பாட்டில்தான் காகித வேலைக்கு. இதன் பலம் வேகமும் பிடிப்பும். அட்டை, துணி, ரிப்பன், நூல், காய்ந்த இலை, மரப் பொத்தான் போன்றவற்றை ஒட்டும்போது மைதாப் பசை கைவிடும், இது விடாது. அட்டையில் சிறு கதவு, சொருகுபை, மடித்து விரியும் பக்கம் என்று பேப்பர்கிராஃப்ட் வேலைகள் செய்யும்போதும் இதுவே என் தேர்வு. அங்கே மூட்டுக்கு வலு வேண்டும்.

ஆனால் பக்கம் முழுக்க இதைத் தடவி, மேலேயும் ஒரு கோட்டிங் கொடுத்து 'சீல்' செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காரணம் வெப்பநிலை. பிவிஏ ஏறத்தாழ 30 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் பொருள். நம் கோடையில் மூடிய அலமாரிக்குள் அந்தச் சூடு சாதாரணம். இரண்டு பூசிய பக்கங்கள் எதிரெதிரே அழுந்திக் கிடந்தால், பிரிக்கும்போது ஒன்றின் தோல் மற்றொன்றோடு போகும். ஈரம் பட்டால் மேல்பூச்சு வெளிறிப் பால் போலாவதும் உண்டு. ஒட்டியதைப் பிரிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. காலப்போக்கில் சில வகைகள் அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். பழைய பசை டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை வருவது அதனால்தான். தாத்தாவின் கடிதம், பாட்டியின் கையெழுத்து போன்ற, இன்னொன்று கிடைக்காத காகிதங்களின் பக்கத்திலேயே இதைக் கொண்டுபோகாதீர்கள்.

அமெரிக்காவில் 1967இல் பிறந்த மாட் போட்ஜ் என்ற கொலாஜ் பசையும் வெள்ளைப் பசைக் குடும்பம்தான். இறக்குமதி விலை கொடுத்து வாங்குமுன் இதை யோசித்துக்கொள்ளலாம்.

அக்ரிலிக் மேட் மீடியம்

நிறமி இல்லாத அக்ரிலிக் பெயின்ட் என்று இதைச் சொல்லலாம். காய்ந்தால் தெளிவாகவும் வளையும் தன்மையோடும் இருக்கும், எளிதில் மஞ்சளிக்காது. அதன் மேல் மறுபடி பெயின்ட் அடிக்கலாம், ஸ்டென்சில் வைக்கலாம், அதற்கும் மேல் இன்னொரு காகிதம் ஒட்டலாம். அடுக்கடுக்காக வேலை செய்கிறவர்களுக்கு இதற்கு ஈடு வேறில்லை.

இது மின்னுவது மெல்லிய காகிதங்களில். விருந்துக்கு வைக்கும் அச்சிட்ட பேப்பர் நாப்கினை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது மூன்று அடுக்கு. ஓரத்தில் நகத்தால் மெல்லத் தேய்த்தால் அடுக்குகள் பிரியும். அச்சு உள்ள மேல் அடுக்கு மட்டும் போதும். ஈர பிரஷ்ஷால் படத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்துவிட்டுப் பிய்த்தால் விளிம்பு பஞ்சு போல் கிழியும். கத்தரியில் வெட்டிய விளிம்பு பக்கத்தில் துருத்திக்கொண்டு தெரியும், இது தெரியாது. பக்கத்தில் மீடியத்தை மெலிதாகப் பூசி முழுக்கக் காயவிடுங்கள். காய்ந்தபின் நாப்கினை வைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, நீராவி இல்லாத மிதமான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். சூட்டில் அக்ரிலிக் இளகி நாப்கினைப் பிடித்துக்கொள்ளும். ஈரமாக ஒட்டினால் வரும் கிழிசலும் சுருக்கமும் இதில் வராது. நாப்கினின் வெள்ளை மறைந்து பூ மட்டும் பக்கத்திலேயே வரைந்தது போல் நிற்கும்.

ஜெராக்ஸ் படத்தை இடம்மாற்றுவதற்கும் இதுதான். லேசர் அல்லது ஜெராக்ஸ் பிரதியின் அச்சுப் பக்கத்தில் மீடியம் தடவிக் கவிழ்த்து ஒட்டி, ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் முதுகை நனைத்து விரலால் உருட்டித் தேய்த்தால் காகிதக் கூழ் வந்துவிடும். கறுப்பு மைத்தூளான டோனர் மட்டும் மீடியத்தில் தங்கும். படம் இடம் வலம் மாறும் என்பதால் எழுத்து இருந்தால் பிரதி எடுக்கும்போதே கண்ணாடி பிம்பமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். இங்க்ஜெட் அச்சு தண்ணீரில் கரைந்துவிடும், அதில் இதை முயல வேண்டாம்.

இவ்வளவும் நல்லதுதான். ஆனால் அப்பிக்கொள்ளும் சிக்கல் இதற்கும் உண்டு, சொல்லப்போனால் பிவிஏயைவிட அதிகம். அறை வெப்பத்திலேயே மிருதுவாக இருக்கும்படி செய்யப்பட்ட பொருள் இது. வளைவதும் ஒட்டுவதும் அதே மிருதுத்தன்மையின் விளைவு. பளபளக்கும் கிளாஸ் (gloss) வகை மிக மோசம், பளபளப்பில்லாத மேட் (matte) வகை பரவாயில்லை. பக்கங்களுக்கு இடையில் பட்டர் பேப்பர் வைப்பது நல்ல தீர்வு. சாதாரண டிரேசிங் போலிருப்பதை வாங்காமல், பேக்கிங்குக்கு விற்கும் சிலிகான் பூசிய தாளைக் கேட்டு வாங்குங்கள்; மற்றது அதுவே ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வழி, முழுதாகக் காய்ந்த பக்கத்தில் மெழுகுப் பூச்சு ஒன்றை மெலிதாகத் தேய்த்து மெருகேற்றுவது. மெழுகுக்கு மேல் பெயின்ட் பிடிக்காது, ஆகவே அது கடைசி வேலை.

விலையில் மூன்றிலும் இதுதான் அதிகம். நான் இதை நாப்கினுக்கும் டிஷ்யூவுக்கும் படம் மாற்றுவதற்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் மாவுப் பசைக்கு விட்டுவிடுகிறேன்.

பசைக் குச்சி, டேப்

ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனம் 1969இல் பிரிட் என்ற பெயரில் கொண்டுவந்த வடிவம் பசைக் குச்சி. லிப்ஸ்டிக்கைப் பார்த்து வந்த யோசனை. தண்ணீர் மிகக் குறைவு, பக்கம் நெளியாது, பயணத்தில் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம். ரயிலில் உட்கார்ந்து ஒட்டுவதற்குச் சரி. நாளாக ஆக விளிம்புகள் தூக்கும். வீட்டுக்கு வந்ததும் ஓரங்களில் மாவுப் பசை ஓட்டிவிட்டால் நிற்கும். செல்லோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம்: பசை மஞ்சளாகிக் கசிந்து காகிதத்துக்குள் இறங்கினால் அந்தக் கறையை எடுக்க முடியாது.

பக்கம் நெளிவது பற்றி

இதைப் பசையின் குற்றம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. ஆலையில் செய்த காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். நனைந்தால் அந்தத் திசைக்குக் குறுக்காகத்தான் விரியும், காயும்போது சுருங்கும். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணும். இரண்டு காகிதமும் ஒரே திசையில் இருக்கும்படி ஒட்டினால் நெளிவு வெகுவாகக் குறையும். பக்கத்தின் மறுபுறமும் ஒரு காகிதம் ஒட்டிவிட்டால் இழுப்பு சமமாகும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் செய்வது போன்ற கைத்தாளில் நார்கள் பல திசையிலும் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. பருத்தி நார் என்பதால் ஈரத்தையும் தாங்கும். 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) பிரின்ட் பேப்பரில் மைதாப் பசை போட்டுவிட்டு நெளிகிறதே என்று வருந்துவதைவிட, 130 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட கார்ட்ரிட்ஜ் என்ற தடித்த ஓவியத் தாளில் தொடங்கலாம்.

அதேபோல, ஒட்டிய செய்தித்தாள் மஞ்சளானால் பசையைத் திட்டாதீர்கள். செய்தித்தாளில் உள்ள, மரத்திலிருந்து வரும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சம் பட்டுத் தானாகவே பழுப்பாகும். எத்தனை விலை உயர்ந்த மீடியம் பூசினாலும் ஆகும். நிறம் நிலைக்க வேண்டுமென்றால் நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுவதுதான் வழி.

பயண நோட்டு வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, இப்போதைய பஸ் டிக்கெட்டும் கடை பில்லும். பலவும் சூட்டில் அச்சாகும் தெர்மல் தாள். வெளிச்சத்திலும் சூட்டிலும் எழுத்து மறையும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம் மறையும், இஸ்திரி வைத்தால் முழுக்கக் கறுத்துப்போகும். எந்தப் பசையையும் அதன் மேல் நேரடியாகத் தடவாமல், ஜெராக்ஸ் பிரதியைப் பக்கத்தில் ஒட்டி, அசலைச் சிறு காகித உறையில் போட்டு, அந்த உறையின் முதுகில் மட்டும் மாவுப் பசை தடவி ஒட்டிக்கொள்ளுங்கள்.