காக்ஸ் டவுன் மாடி லைப்ரரி: மணிலா ரேக்குக்காகவே மெம்பர் ஆகலாம்

பெங்களூர்ல வாடகை லைப்ரரின்னு ஒண்ணு இன்னும் இருக்கான்னு கேக்குறவங்களுக்கு, இருக்கு, காக்ஸ் டவுன்ல, பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷன்ல இருந்து நடந்து போற தூரம், கீழ டெய்லர் கடை, மேல ரெண்டு ரூம், அவ்ளோதான். போர்டு கிடையாது. கூகுள் மேப்ல எல்லாம் ஏத்தி விடாதீங்கன்னு ஓனர் கறாரா சொல்லிட்டாரு, அதனால நான் பேரும் போடல நம்பரும் போடல, மார்க்கெட் பக்கம் வந்து கேப்டன் லைப்ரரி எங்கன்னு கேட்டா யாராவது கை காட்டுவாங்க. கேப்டன்னதும் விஜயகாந்த் ரசிகர் மன்றம்னு நினைச்சுக்காதீங்க, மனுஷன் சரக்குக் கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, நான் கேப்டன் இல்லப்பா இன்ஜினியருன்னு அவரும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டாரு, ஏரியால ஒருத்தரும் காதுல வாங்கல.

காசு விஷயத்த முதல்ல சொல்லிடறேன். டெபாசிட் 1000, விலகும்போது திருப்பிக் குடுத்துடறாரு. மாசம் 200, ஒரு நேரத்துல ரெண்டு புக். லேட் ஆனா ஒரு நாளைக்கு 5 ரூபா, ஆனா போன் பண்ணி சொல்லிட்டா விட்டுடுவாரு. ஜிபே வாங்குவாரு. தமிழ் கலெக்‌ஷன் பரவால்ல, பழைய வார இதழ் தொடர்கதைய கிழிச்சு பைண்டு பண்ணி வச்சிருக்கற வால்யூம் எல்லாம் ஓவியத்தோட அப்படியே இருக்கு, அதுக்குன்னே அல்சூர்ல இருந்து வயசானவங்க சில பேரு வர்றாங்க. புது புக்கு வேணும்னா இங்க வராதீங்க, போன பத்து வருஷத்துல வந்த தமிழ் நாவல் கைவிரல்ல எண்ணிடலாம். குழந்தைங்க செக்‌ஷன்னு ஒரு அட்டைப்பெட்டி இருக்கு, அத பத்தி பேச வேண்டாம்.

நான் இத எழுதறதே உள்ரூம்ல இருக்கற ஒரு ரேக்குக்காக. மணிலா ரேக்குன்னு பேரு. கப்பல்ல கூட வேலை பாத்தவங்கள்ல பாதிப் பேரு ஃபிலிப்பினோஸ், அவங்க குடுத்தது, மணிலால கப்பல் நிக்கும்போதெல்லாம் எர்மீட்டா பக்கம் பாத்ரே ஃபாவ்ரா தெருவுல இருக்கற சாலிடரிடாட் புக் ஷாப்புக்கு போய் வாங்கினது (எஃப். சியோனில் ஹோசேங்கற நாவலாசிரியர் 1965ல ஆரம்பிச்ச கடை அது), இப்படி சேத்து சேத்து ஒரு ஆள் உயரத்துக்கு ஒரு ரேக் ஆயிடுச்சு. பெரும்பாலும் ஃபிலிப்பைன்ஸ் ஜனாதிபதியா வந்து சர்வாதிகாரி ஆன மார்கோஸோட காலத்த சுத்தின புக்ஸ். இந்தியால வேற எங்கயாவது ஒருத்தர் வீட்டு மாடில இது இருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

அடுக்கி வச்சிருக்கற விதம்தான் விசேஷம். எழுத்தாளர் பேர் வரிசையும் இல்ல, வருஷ வரிசையும் இல்ல. மேல் தட்டுல ஜெயிலுக்கு போனவங்க, நடுத்தட்டுல நாட்ட விட்டு போனவங்க, கீழ்த்தட்டுல வெளிய இருந்துகிட்டே எழுதினவங்க. 1972 செப்டம்பர்ல ஃபெர்டினண்ட் மார்கோஸ் 1081ஆம் நம்பர் பிரகடனம் போட்டு ராணுவச் சட்டம் கொண்டு வந்தாரு இல்லையா, பத்திரிகை ஆபீஸ், ரேடியோ, டிவி ஸ்டேஷன் எல்லாத்துக்கும் பூட்டு, 1981 ஜனவரில பேப்பர்ல அத வாபஸ் வாங்கினாலும் ஆளு 1986 பிப்ரவரில ஜனங்க தெருவுல இறங்கின எட்சா போராட்டம் வரைக்கும் நாற்காலிய விடல, அந்த பதினாலு வருஷத்துல யாருக்கு என்ன ஆச்சுங்கறத வச்சு ரேக்க பிரிச்சிருக்காரு. மொதல்ல இது என்ன கிறுக்குத்தனம்னு தோணும், ஏன்னா நமக்கு வேண்டிய புக்க கண்டே பிடிக்க முடியாது, ஆனா கொஞ்ச நேரம் நின்னு பாத்தீங்கன்னா மேல் தட்டுலதான் புக் வரிசை ரொம்ப நீளமா இருக்கு, அது கண்ல பட்டப்புறம் கேட்லாக் எங்கன்னு கேக்க வாய் வராது.

மேஜை கண்ணாடிக்கு அடியில ஒரு இங்கிலீஷ் கவிதையோட ஜெராக்ஸ். புதுசா யாரு வந்தாலும் அத படிக்கச் சொல்லி டீ வாங்க போயிடுவாரு. பிரமீத்தியஸ் அன்பௌண்ட்னு தலைப்பு, பாறைல சங்கிலி போட்டு கட்டின கிரேக்கக் கதை ஆளு, படிக்கறப்போ சாதுவா இருக்கும். 1973ல ஃபோகஸ்ங்கற பத்திரிகைல வந்துது, அதுவும் அரசாங்கத்துக்கு ஜால்ரா போடற பத்திரிகை, ரூபென் க்வேவாஸ்னு ஒரு புனைபேர்ல. ஒவ்வொரு வரியோட முதல் எழுத்தையும் மேலருந்து கீழ சேத்துப் படிச்சா மார்கோஸ் ஹிட்லர் டிக்டாடோர் தூத்தான்னு வருது, ஊர்வலத்துல பசங்க போட்ட கோஷம், ஹிட்லர், சர்வாதிகாரி, அமெரிக்காவோட நாய்க்குட்டின்னு. எடிட்டருக்கு தெரியாமயே அவரு பத்திரிகைலயே அச்சாயிடுச்சு, அப்புறம் விஷயம் வெளிய வந்து கடைல இருந்த காப்பி எல்லாம் ஓடி ஓடி திரும்ப எடுத்தாங்க. எழுதினது ஹோசே லகாபா, பீட் லகாபான்னு சொல்லுவாங்க, 1974ல பிடிச்சுட்டு போய் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் வச்சிருந்தாங்க.

இந்த இடத்துல கேப்டன் கண்டிப்பா முரசொலி கதைய இழுப்பாரு, நானும் சொல்லாம விட முடியல. எமர்ஜென்சில 1976 ஜனவரி 31ல ஆட்சிய கலைச்சுட்டு மிசால ஆளுங்கள அள்ளிட்டு போனப்ப, யார் யார் உள்ள இருக்காங்கன்னு பேப்பர்ல போட சென்சார் விடல, உடனே கலைஞர் பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாளுக்கு சமாதில மலர் வைக்க வர இயலாதோர்னு பேர் பேரா ஒரு பட்டியல் போட்டாரே அது. சென்சார் ஆபீசர் படிச்சுட்டு கையெழுத்து போட்டிருப்பாரு பாவம். மணிலா ரேக்குக்கு பக்கத்துலயே நம்ம எமர்ஜென்சி புக்ஸ் ஒரு அரைத் தட்டு வச்சிருக்காரு, நடிகை சினேகலதா ரெட்டியோட ஜெயில் டைரி அதுல இருக்கு, அவங்கள வச்சிருந்த பெங்களூர் சென்ட்ரல் ஜெயில்தான் இப்ப ஃப்ரீடம் பார்க், நாம கொடி பிடிச்சுட்டு போய் உக்கார்ற அதே இடம். ஆஸ்துமாவோட உள்ள இருந்து, வெளிய விட்ட கொஞ்ச நாள்லயே 1977 ஜனவரில செத்துப் போனாங்க. மெஜஸ்டிக் பக்கம் தினம் போய் வர்றவங்களுக்கே இது தெரியாது.

மேல் தட்டுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் எழுத்தாளர் நிக் ஹோவாகின் கதை, அவரு ஜெயிலுக்கு போகாதவரு, ஆனா கேப்டன் அவர மேல் தட்டுலயே வச்சிருக்காரு. 1976ல அவருக்கு தேசியக் கலைஞர் விருது, நாட்டோட பெரிய கௌரவம், ஆரம்பிச்சதே மார்கோஸ்தான் 1972ல. வாங்கினா சர்வாதிகாரி கையால வாங்கினாருன்னு பேச்சு வரும், வாங்காட்டி தப்பிச்சிடலாம். அவரு வாங்கறேன், ஆனா பீட் லகாபாவ விடுங்கன்னாரு. விட்டாங்க. விருத திருப்பிக் குடுக்கறதுதான் வீரம்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு இருக்கு, இங்க வாங்கினதால ஒரு ஆள் வெளிய வந்தாரு, இதுக்கு என்ன சொல்றீங்க.

ஆனா ஒரு விஷயத்துல கேப்டனோட எனக்கு ஒத்துப் போகாது. அடி விழுந்தாத்தான்பா நல்ல எழுத்து வரும், இப்ப எவன் எழுதறான்னு டீய உறிஞ்சிகிட்டே சொல்லுவாரு. பீட் லகாபா வெளிய வந்த அதே 1976ல அவரோட தம்பி இமான் லகாபா, அவரும் கவிஞர், கெரில்லா படைல சேந்து மிண்டனாவோல இருந்தவரு, சுட்டுக் கொன்னாங்க, வயசு 27. அவரு எழுதாம போன புக்ஸ எந்த தட்டுல வைக்கறதுன்னு கேட்டேன், உனக்கு வாய் ஜாஸ்தின்னாரு. அதுக்காக கோச்சுக்கல, அடுத்த தடவை போனப்ப இமானோட கவிதைகள் இருக்கற ஒரு தொகுப்ப அவரே எடுத்து மேஜைல வச்சாரு. அடக்குமுறை எழுத்தாளன பட்டை தீட்டுதுன்னு சொல்றதுல ஒரு சௌகரியம் இருக்கு, உயிரோட தப்பிச்சவங்கள மட்டும் எண்ணினாத்தான் அந்தக் கணக்கு சரியா வரும்.

மத்த புக்ஸ பத்தி வேகமா. நினோச்கா ரோஸ்காவோட ஸ்டேட் ஆஃப் வார், அவங்களும் உள்ள இருந்துட்டு அமெரிக்கா போனவங்க, ஒரு தீவுல திருவிழா நடக்குது, கூட்டத்துக்கு நடுவுல கமாண்டர கொல்ல திட்டம், நடுவுல போய் நூறு நூறு வருஷமா குடும்பக் கதை, நல்ல நாவல் ஆனா தலை சுத்தும், பேப்பர்ல வம்சாவளி போட்டுகிட்டே படிச்சேன். ஜெசிகா ஹேகடோர்னோட டாக்ஈட்டர்ஸ் சினிமா, ரேடியோ நாடகம், வதந்தின்னு கலகலன்னு போகும், இதுதான் சீக்கிரம் முடியும். அமாடோ ஹெர்னாண்டஸ் மார்கோஸுக்கு முன்னாடியே 1951ல தொழிற்சங்கத்துக்காக உள்ள போன கவிஞர், அவரோட நாவல் இங்கிலீஷ்ல த பிரேயிங் பேர்ட்ஸ்னு வந்திருக்கு, பிரச்சார வாடை தூக்கலா இருக்கும், எனக்கு பாதிக்கு மேல ஓடல. கீழ்த்தட்டுல லுவல்ஹாட்டி பவுதிஸ்தாவோட டெகாடா 70 இருக்கு, ஆனா ஃபிலிப்பினோ மொழில, எனக்கு அட்டைய தடவிப் பாக்கத்தான் முடிஞ்சுது. அஞ்சு ஆம்பள பசங்களோட அம்மா ஒருத்தி, சாதாரண நடுத்தர வீடு, பசங்க ஒவ்வொருத்தனா அந்த காலத்துல மாட்டறான், அவ சமையல்கட்டுல இருந்து எப்படி மாறறாங்கறது கதை, 2002ல படமா வந்தத சனிக்கிழமை போட்டாரு, வில்மா சாந்தோஸ் அம்மா வேஷம், பக்கத்துல உக்காந்திருந்த ஆன்ட்டி மூக்க சிந்திகிட்டே இருந்தாங்க.

சனிக்கிழமை சாயங்காலம் படம் போடறது மெம்பர்ஷிப்ல ஃப்ரீ. வெள்ளைச் சுவத்துல ப்ரொஜெக்டர், பிளாஸ்டிக் சேர். லினோ ப்ரோக்கா படங்கள்தான் அதிகம். 1975ல எடுத்த மணிலா படம், கிராமத்துல இருந்து காதலிய தேடி வர்ற பையன் கட்டட வேலைக்கு போறான், சம்பள ரிஜிஸ்டர்ல ஒரு தொகை, கைல வர்றது அதுக்கும் கம்மி, சர்ஜாபூர் ரோட்ல அபார்ட்மென்ட் கட்டற இடத்துக்கு பக்கத்துல குடியிருக்கறவன் நான், சப்டைட்டிலே வேண்டியிருக்கல. இந்த கதையும் மொதல்ல லிவய்வய்ங்கற வாரப் பத்திரிகைல தொடர்கதையா வந்தது, எட்கார்டோ ரேயஸ் எழுதினது, அத கேட்டதும் முன்ரூம்ல தொடர்கதை தேடிகிட்டு இருந்த தாத்தாவும் சேர் போட்டு உக்காந்துட்டாரு. ப்ரோக்கா 1985ல ஜீப்னி டிரைவர்ங்க ஸ்டிரைக்குக்கு கூட நின்னதுக்கு உள்ள போனவரு, அதனால டிவிடி எல்லாம் மேல் தட்டுல. இஷ்மாயல் பெர்னால் படம் ஒண்ணு, மணிலா பை நைட்னு பேரு, தலைப்புலயும் வசனத்துலயும் மணிலாங்கற பேரே வரக்கூடாதுன்னு சென்சார் வெட்டி சிட்டி ஆஃப்டர் டார்க்னு வெளிய விட்டாங்க, ஊரோட மானம் போயிடுமாம். அதே மார்கோஸ் ஆளுங்கதான் படவிழா நடத்தணும்னு அவசர அவசரமா மணிலா ஃபிலிம் சென்டர் கட்டினாங்க, 1981 நவம்பர்ல சாரம் சரிஞ்சு ஈர கான்கிரீட்டுக்குள்ள தொழிலாளிங்க புதைஞ்சாங்க, 1982 ஜனவரில விழா ஜாம்ஜாம்னு நடந்துது. இத கேப்டன் படம் போடறதுக்கு முன்னாடி சொன்னாரு, அதுக்கப்புறம் படத்துல வர்ற கட்டட சீன பாக்கறதே வேற மாதிரி ஆயிடுச்சு.

சுவத்துல ஒரு போஸ்டர், அந்திபாஸ் டெலோடாவோ 1978ல வரைஞ்சது, ஒரு வயசான கூலிக்காரர் தலை குனிஞ்சு நடக்கறாரு, பின்னாடி பெரிய கோகோ கோலா விளம்பரம், அந்த எழுத்தோட வளைஞ்ச வால் கத்தி மாதிரி அவரு நெஞ்சுக்கு நேரா வருது. கைசஹான்னு 1976ல சேந்த ஓவியர் குரூப்புல ஒருத்தர் அவரு. பிரிண்ட் வெளுத்துப் போய் சிவப்பு ஆரஞ்சா மாறிடுச்சு, மாத்துங்க சார்னு சொல்லியாச்சு.

குறைகள் நிறைய. உள்ரூம் டியூப்லைட் மினுக்கும், கொசு பிச்சு எடுக்கும், பாத்ரூம் கேக்காதீங்க. பழைய பதிப்புகள வெளிய குடுக்க மாட்டாரு, ஜெராக்ஸ் எடுக்கவும் விட மாட்டாரு, போட்டோ எடுத்தா முறைப்பாரு. மத்தியானம் 1ல இருந்து 4 வரைக்கும் பூட்டு, தூக்கம். பெரிய தொந்தரவு என்னன்னா நாவலோட முடிவ சொல்லிடுவாரு, ஸ்டேட் ஆஃப் வார்ல குண்டு வெடிக்குதா இல்லையாங்கறத நான் பத்தாவது பக்கத்துல இருக்கும்போதே சொல்லிட்டாரு.

புதுசா போறவங்க நாவல்ல கை வைக்காம பீட் லகாபாவோட டேஸ் ஆஃப் டிஸ்கொயட் நைட்ஸ் ஆஃப் ரேஜ்ல ஆரம்பிங்க. 1970 ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் மணிலா தெருவுல பசங்க நடத்தின போராட்டத்த கூடவே ஓடி ஓடி எழுதின ரிப்போர்ட்டு, ஃபயர் இன்ஜின பிடுங்கி ஜனாதிபதியோட மலகான்யாங் மாளிகை கேட்ட இடிச்சு உடைச்ச ராத்திரி எல்லாம் அதுல இருக்கு, எழுதினப்ப சுதந்திரமா எழுதினது, புக்கா வந்தது 1982ல. பின்னாடி வந்த பதிப்பு ஒரு காப்பி மட்டும் வெளிய குடுப்பாரு. அது இப்ப என்கிட்டதான் இருக்கு, அடுத்த சனிக்கிழமை குடுத்துடறேன், வேணுங்கிறவங்க கேப்டன்கிட்ட இப்பவே சொல்லி வச்சுக்கோங்க.