டேஷ்போர்டில் கூடுதலாக இரண்டு முட்கள்: பழைய டர்போ லாரியில் நெடுநாள் அனுபவம்

நான் ஓட்டுவது பி.எஸ். 3 என்ற பழைய புகைக் கட்டுப்பாட்டு விதி காலத்துப் பத்துச் சக்கர லாரி. ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர், 180 குதிரைத்திறன். புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் உண்டு. வண்டியோடு வந்த டேஷ்போர்டில் என்ஜின் சூட்டுக்கு ஒரே ஒரு முள்தான், அதுவும் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை மட்டுமே சொல்லும். எண்பதுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் நடுவில் சோம்பலாகக் கிடக்கும் அந்த முள் சிவப்பைத் தொடும்போது, நடக்க வேண்டிய சேதத்தில் பாதி நடந்திருக்கும். அதனால் புகையின் சூட்டைக் காட்டும் பைரோமீட்டரையும், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டரையும் வாங்கி மாட்டி, சில ஆண்டுகளாக இரண்டையும் பார்த்தே ஓட்டுகிறேன்.

பைரோமீட்டரின் புரோப்பை, அதாவது சூட்டை உணரும் முனையை, எங்கே பொருத்துவது என்பதில் பட்டறைகளில் இரண்டு கட்சி. டர்போவுக்குப் பின்னால் துளையிடுவது சுலபம். புரோப் முறிந்து விழுந்தாலும் டர்போவுக்கு ஆபத்தில்லை. ஆனால் புகையின் சூட்டில் ஒரு பங்கை டர்போவின் டர்பைன் சக்கரம் விழுங்கிய பிறகே அது அந்த இடத்துக்கு வருகிறது. ஏற்றத்தில் நூறு டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டும், அந்த வித்தியாசமும் பாரத்துக்குத் தகுந்தபடி மாறும். ஆகவே டர்போவுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகை சேரும் மேனிபோல்டையே நான் தேர்ந்தெடுத்தேன். நாமக்கல்லில் வேலை செய்த மெக்கானிக், டர்போவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் துளையிட்டார். டிரில் முனையிலும் மரை வெட்டும் டேப்பிலும் கிரீஸை அப்பி, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துணியில் துடைத்தார். கடைசியில் கம்பியில் கட்டிய காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவினார். “ஒரு பிசிறு தங்கினாலும் டர்பைன் இறகு போய்விடும் அண்ணா” என்றார். அவசரப்படாத ஆள் கிடைக்காவிட்டால் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

ஒயரில் வேறொரு தொல்லை வந்தது. மீட்டர் வரை எட்டவில்லை என்று எலக்ட்ரீஷியன் ஒருவர் சாதாரணச் செம்பு ஒயரை ஒட்டி நீட்டிவிட்டார். புரோப்பில் இருப்பது கே வகைத் தெர்மோகப்பிள், இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்துச் சூட்டை அளப்பது. அதில் செம்பு ஆகாது. அதே உலோக ஜோடியில் செய்த நீட்டிப்புக் கேபிள்தான் வேண்டும். ஒட்டு என்ஜின் பக்கம் இருந்ததால், அந்த இடம் எண்பது டிகிரிக்குச் சூடானதும் மீட்டர் நாற்பது டிகிரிக்கும் மேல் குறைத்துச் சொல்லத் தொடங்கியது. எச்சரிக்கவென்று வாங்கிய கருவி தைரியம் சொல்வதைவிட அது இல்லாமலே இருப்பது மேல்.

இனி அளவுகள். ஸ்லோவில் நிற்கும்போது புகைச்சூடு 150 அருகில். சமதரையில் பாரத்தோடு 400 அல்லது சற்றுக் கூட. முழு மிதியில் ஏற்றம் ஏறினால் 650, பூஸ்ட் 1.2 பார். 700 எனக்கு எல்லை. பிஸ்டன் அலுமினியக் கலவை. அலுமினியமோ 660 டிகிரியில் உருகும் உலோகம். அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விப்பதாலும், ஒவ்வொரு சுழற்சியிலும் புதுக்காற்று வந்து போவதாலும்தான் அது பிழைத்துக் கிடக்கிறது.

ஒற்றை முள்ளை நம்பி எந்த முடிவுக்கும் வரக் கூடாது. பூஸ்ட் குறைந்து சூடு ஏறினால் காற்று போதவில்லை என்று பொருள்: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும் அல்லது டர்போவுக்கும் என்ஜினுக்கும் நடுவே எங்கோ கசியும். இரண்டும் சேர்ந்து குறைந்து வண்டி இழுக்கவில்லையென்றால் டீசல் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். பூஸ்ட் சரியாக இருந்தும் சூடு வாரத்துக்கு வாரம் கூடினால், இன்டர்கூலரின் முகத்தில் தூசியும் பஞ்சும் அடைந்திருக்கும். பூஸ்ட் மட்டும் சுழிக்கு விழுந்து, சூடும் இழுப்பும் மாறாமல் இருந்தால் என்ஜினுக்கு ஒன்றும் இல்லை. மீட்டருக்கு வரும் நைலான் குழாய் உருகியிருக்கும். இந்தக் கடைசி விஷயம் எனக்கு ஒருமுறைக்கு மேல் நடந்தது. குழாயை மேனிபோல்டிலிருந்து தள்ளிக் கட்டிய பிறகு நின்றது.

சங்ககிரியில் சிமென்ட் ஏற்றி பெங்களூரு போகும்போது, சேலம் தாண்டி வரும் தொப்பூர் ஏற்றம்தான் இந்த இரண்டு முட்களுக்கும் உண்மையான சோதனை. மேல் கியரிலேயே மிதித்து ஏற்றினால் ஆர்.பி.எம். விழும், காற்று குறையும், டீசல் மட்டும் கொட்டும். முள் கடகடவென்று 680ஐத் தாண்டும். பெட்ரோலுக்குப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகப்படும். டீசலில் எரிபொருள் கூடக்கூடத்தான் சூடு. ஒரு கியர் இறக்கி மிதியைச் சற்றுத் தளர்த்தினால், சில நொடிகளில் அறுபது எழுபது டிகிரி இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தண்ணீர் முள் இத்தனை நேரமும் அசைந்திருக்காது. அதே பாரத்தில் சித்திரை மாத மதியத்துக்கும் பின்னிரவுக்கும் முப்பது நாற்பது டிகிரி வித்தியாசம் வருகிறது. பாரத்தை ஏற்றத்தில் இழுக்கப் பின்னிரவே நல்லது என்று பழைய ஓட்டுநர்கள் சொன்னது சரிதான்.

ஏற்றம் முடிந்து டீக்கடையில் நிறுத்தியதும் சாவியைத் திருப்புவதில்லை. 200க்குக் கீழே வந்த பிறகே அணைக்கிறேன். சூடான டர்போவில் எண்ணெய் ஓட்டம் சட்டென்று நின்றால், பேரிங்கில் தங்கிய எண்ணெய் கருகிப் படியும். ஓரமாக மெதுவாக வந்து நின்றால் ஒரு நிமிடமும் ஆகாது, இழுத்துப்பிடித்து வந்தால் மூன்று நிமிடம்.

மைலேஜ் கூடுமா என்று கேட்கிறார்கள். என் வண்டியில் பெரிதாகக் கூடவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டி வைத்திருப்பவர்கள் மேனிபோல்டைத் துளைக்கவே வேண்டாம், வாரண்டியும் போகும். பூஸ்டுக்கும் புகைச்சூட்டுக்கும் அதில் சென்சார்கள் ஏற்கெனவே இருக்கின்றன, வண்டிக் கணினியின் தகவலைப் படிக்க உதவும் ஓ.பி.டி. இணைப்பில் ஒரு ரீடரைச் செருகிப் பாருங்கள். ஆனால் அங்கே சூடு காட்டும் சென்சார்கள் பெரும்பாலும் டர்போவுக்குப் பின்னால், புகை வடிகட்டியை ஒட்டி இருக்கும். வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில், சமதரையிலும் 600 வரை காட்டும். அதைப் பார்த்துப் பயந்து ஓரங்கட்டி அணைத்துவிடாதீர்கள். எரிப்பு பாதியில் நின்றால் அடைப்பு அப்படியே இருக்கும்.