அமெரிக்கக் கோடை வகுப்பு: நேரில் போவதா, வீட்டிலிருந்தா?

கனடா மாமா "பிள்ளையை ஜூலையில் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கோடை வகுப்புக்கு அனுப்புங்கோ" என்று சொன்னதும் வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். நேரில் அனுப்புவதா, இணையவழி போதுமா?

செலவு
நேரில்: கட்டணம், விடுதி, விமானச் சீட்டு. அதற்கு முன்பே விசா நேர்முகத்துக்குக் கொழும்பு போக வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 185 டொலர். விசா மறுத்தாலும் திரும்பாது.
இணையவழி: கட்டணம் மட்டும்.

நேரம்
நேரில்: இங்கே பாடசாலை நடக்கும் காலம். ரியூசனும் விடுபடும்.
இணையவழி: நியூயோர்க்கில் பகல் 2 மணி என்றால் நமக்கு இரவு 11.30. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு பிள்ளை, காலடியில் நுளம்புத்திரி புகைய, வீட்டார் உறங்கிய பிறகு மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் பதில் சொன்னதைப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு அவளுக்கு இரசாயனவியல் வகுப்பு. பாவமாக இருந்தது.

பலன்
நேரில்: ஆய்வுகூடம், விடுதி வாழ்க்கை, கூச்சமில்லாத ஆங்கிலம்.
இணையவழி: பாடம் கிடைக்கும், பழக்கம் கிடைக்காது.
இரண்டுமே அங்கே அனுமதிக்கு உத்தரவாதம் இல்லை.

வெளிநாட்டுப் பட்டம்தான் என்று முடிவெடுத்த பிள்ளைக்கு நேரில் போவதே நல்லது. யேல் பல்கலைக்கழகத்தின் இரண்டு வார வகுப்புக்கு வசதி குறைந்தவர்களுக்கு நிதியுதவி உண்டு. முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். இன்னும் முடிவு செய்யாதவருக்கு இணையவழி சரி. யாழ்ப்பாண மருத்துவபீடம்தான் கனவு என்றால் இரண்டும் வேண்டாம், அங்கே உயர்தரப் பரீட்சையில் எடுக்கும் இசட் புள்ளிதான் பேசும். அந்தக் காசில் நல்ல ஆங்கில வகுப்பில் சேருங்கள்; மருத்துவம் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும்.