மணிக்கட்டு நோவைச் ‘சுளுக்கு’ என்று சொல்லும் ஜிம்னாஸ்டிக் வகுப்புகள்: காசு கட்ட முதல் வாசியுங்கள்

பிள்ளைக்கு வயது 12. ஏ9 வீதியை அண்டிய ஒரு மண்டபத்தில் கிழமைக்கு ஐந்து நாள் ஜிம்னாஸ்டிக் வகுப்பு. மூன்று மாதக் காசு 18,000 ரூபா, முற்பணம். ஐந்தாவது கிழமை வலது மணிக்கட்டு நோகத் தொடங்கியது. “சுளுக்குத்தான் அம்மா, பழகப் பழகப் போயிடும்” என்றார் மாஸ்ரர். அடுத்த கிழமை அவரே 3,500 ரூபாவுக்கு ஒரு கைப்பட்டி விற்றார். அதற்கும் நோ அடங்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒருவரிடம் எண்ணெய் போட்டு உருவ அனுப்பினார். தடவைக்கு 1,000 ரூபா, ஆறு தடவை. அந்த ஆள் ஒவ்வொரு முறையும் கையை இழுத்து ‘டக்’ என்று சத்தம் வரவைத்து, “இந்தா, மொழி (மூட்டு) ஏறிட்டுது” என்பாராம். வகுப்பு மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. ஸ்பிரே அடித்துவிட்டுப் பிள்ளையைத் திரும்பவும் கையில் நிற்கவைத்தார்கள்.

மூன்றாம் மாதம் அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்தார்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. முன்கையில் பெருவிரல் பக்கம் ஓடும் ஆரை எலும்பின் கீழ்நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு அகன்று, ஓரம் அரித்ததுபோலக் கிடந்தது.

வளர்கிற பிள்ளையின் எலும்பு நுனியில் குருத்தெலும்பாலான இந்தத் தட்டுத்தான் கையை நீளமாக்குவது. சுற்றியிருக்கும் எலும்பையும் தசைநாரையும்விட இது பலவீனமானது. கையூன்றும்போது மணிக்கட்டில் விழும் சுமையில் ஏறத்தாழ 80 வீதம் ஆரையூடாகத்தான் இறங்கும். பின்பக்கக் கரணத்தில் அந்தச் சுமை உடல் நிறையை விடவும் கூடும். மணல் முற்றத்தில் கரணம் அடித்தால் மணல் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சீமெந்து நிலத்தில் அரை அங்குல விரிப்பைப் போட்டால் பெரும்பகுதியைக் கைதான் வாங்கும். 10 முதல் 14 வயதுவரை, அதுவும் பிள்ளை திடீரென உயரும் மாதங்களில், ஆபத்து அதிகம்.

இதைக் கவனிக்காமல் விட்டால் ஆரையின் தட்டு நேரத்துக்கு முந்தி மூடிவிடும். பக்கத்து அரந்தி எலும்பு தன்பாட்டில் வளர்ந்து நீண்டு, சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டை முட்டும். அந்தக் கட்டத்தில் ஓய்வு உதவாது, சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

வீட்டிலேயே பார்க்கலாம். மணிக்கட்டு மடிப்பிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே, புறங்கைப் பக்கம், பெருவிரல் வரிசையில் உங்கள் பெருவிரலால் அழுத்துங்கள். பிள்ளை முகத்தைச் சுளித்தால் மற்றக் கையிலும் அதே இடத்தை அழுத்திப் பாருங்கள். பிறகு இரண்டு கையையும் கும்பிடச் சொல்லி, உள்ளங்கை பிரியாமல் முழங்கையை உயர்த்தச் சொல்லுங்கள். அழுத்திய இடம் நொந்தாலோ, ஒரு மணிக்கட்டு மற்றதைவிடக் குறைவாக மடிந்தாலோ, கதிரைப் பிடியில் கையூன்றி எழும்ப நொந்தாலோ, அன்றே கையில் பாரம் போடுவதை நிறுத்துங்கள். விழுந்து வீங்கினால், வளைந்து தெரிந்தால், விரல் மரத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எக்ஸ்றேக்குப் போகும்போது பிள்ளை ஜிம்னாஸ்டிக் செய்கிறாள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கட்டையும் எடுத்து ஒப்பிடலாமா என்றும் டொக்டரிடம் கேளுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்றே சாதாரணமாகவே இருக்கலாம். ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்பது வகுப்புக்குத் திரும்பப் போக அனுமதியல்ல.

கைப்பட்டி விஷயத்தில் ஏமாற வேண்டாம். இந்தத் தாய்க்கு விற்றது வெறும் எலாஸ்ரிக் உறை, கையைப் பின்னுக்கு எவ்வளவும் மடியவிடும். புறங்கைப் பக்கம் கெட்டியான தாங்கி வைத்த பட்டி அந்த மடிப்பைக் குறைக்கும், ஆனால் அதுவும் காயத்தை ஆற்றாது. உருவி இழுப்பது இதிலும் மோசம். நல்ல முறிவு நெரிவுப் பரியாரி இப்படியான கையைத் தொட முன்னம் படம் எடுத்து வரச் சொல்லுவார்.

மருந்து ஓய்வுதான். படத்தில் மாற்றமில்லை என்றால் பொதுவாக 4 முதல் 6 கிழமை. மாற்றம் இருந்தால் மூன்று மாதமோ அதற்கு மேலோ. இந்த நாட்களில் கால், வயிறு, முதுகுப் பயிற்சி, முன்கை ஊன்றிய பிளாங்க் எல்லாம் செய்யலாம். முஷ்டி மடித்துத் தண்டால் எடுப்பது ஓய்வல்ல, பாரம் அப்படியே இருக்கும். அழுத்தினாலும் நோகாமல், கை முழுதாக மடிந்த பிறகு, சுவரில் கையூன்றித் தள்ளுவதில் தொடங்கி, மேசை, முழங்கால் தண்டால், பிறகு சுவரோடு கைநிலை என்று போகவேண்டும். பின்பக்கக் கரணம் கடைசி. எந்தப் படியில் நோ திரும்பினாலும் ஒரு படி கீழே இறங்குங்கள்.

இவ்வளவையும் வாய்ப்பாடமாகத் தெரிந்திருக்கவேண்டிய ஆள் மாஸ்ரர். தாய் மீதிக் காசைக் கேட்டபோது அவர் காட்டியது பற்றுச்சீட்டின் அடியில் இருந்த ‘கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற சின்ன வரியை. காசு போகிறதே என்றுதான் நொந்த கையோடு பிள்ளையை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆகவே மாதம் மாதம் கட்டுங்கள். காயம்பட்டால் மீதி என்ன ஆகும் என்று சேர்க்கும்போதே எழுத்தில் வாங்குங்கள். கைப்பட்டிக்கும் தனியாகப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடும்போது கையில் காட்ட அந்தத் துண்டு வேண்டும்.