ஒளிமூலத்தின் திறனை அளக்க: பவர் மீட்டரா, நிறமாலைப் பகுப்பாய்வியா?

ஓர் ஒளிமூலம் எத்தனை மில்லிவாட் தருகிறது என்ற கேள்விக்கு ஆய்வகத்தில் இரண்டு கருவிகள் விடை சொல்லும். அந்த இரு விடைகளும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பவர் மீட்டர், ஒளியை மின்னோட்டமாக்கும் தன் போட்டோடயோடின் மீது விழும் ஒளி முழுவதையும் ஒரே எண்ணாகத் தருகிறது. ஒளி நிறமாலைப் பகுப்பாய்வியோ ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கீற்றணியை உள்ளே சுழற்றி, ஒவ்வோர் அலைநீளத்தையும் சுற்றியுள்ள குறுகிய சாளரத்தின் வழியே வரும் திறனை மட்டும் புள்ளி புள்ளியாக வரைகிறது. அந்தச் சாளரத்தின் அகலத்தைத்தான் பிரிதிறன் பட்டை அகலம் என்கிறோம்; தவறான அளவீடுகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே தொடங்குகின்றன.

ஏறத்தாழ ஒரே அலைநீளத்தில் ஒளி தரும் டிஎஃப்பி லேசரில் சிக்கல் இல்லை. அதன் கோட்டகலம், அதாவது ஒளி பரவியிருக்கும் அலைவெண் அகலம், மெகாஹெர்ட்ஸ் அளவிலேயே இருப்பதால், 0.1 நானோமீட்டர் சாளரத்துக்குள் (1550 நானோமீட்டரில் இது ஏறத்தாழ 12.5 கிகாஹெர்ட்ஸ்) ஒளி முழுவதும் அடங்கிவிடுகிறது, வளைகோட்டின் உச்சியில் மார்க்கரை (திரையில் நகர்த்தும் குறியை) வைத்துப் படித்தாலே மொத்தத் திறன் கிடைத்துவிடும்.

எல்இடி போன்ற அகலப்பட்டை மூலங்களில் அதே மார்க்கர் நம்மை ஏமாற்றும். 10 மில்லிவாட் திறன் 40 நானோமீட்டர் அகலத்தில் சமமாகப் பரவியிருப்பதாகக் கொள்வோம்: 0.1 நானோமீட்டர் சாளரத்தில் உச்சி 0.025 மில்லிவாட், அதாவது −16 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 ஆகக் கொண்ட டெசிபெல் அளவு) என்றே காட்டும். சாளரத்தை 1 நானோமீட்டராக்கினால், மூலத்தில் எதுவும் மாறாமலேயே எண் −6 டிபிஎம் ஆகிவிடும். உண்மையான மொத்தமோ +10 டிபிஎம். எனவே வளைகோடு முழுவதையும் தொகையிட வேண்டும். அப்போதும் புள்ளிகளுக்கிடையேயான இடைவெளியைச் சாளர அகலத்தால் வகுத்துப் பெருக்க மறந்தால், 0.02 நானோமீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்தவருக்கு மொத்தம் ஐந்து மடங்காக, அதாவது 7 டெசிபெல் கூடுதலாக வந்து நிற்கும். திரையில் 0.1 நானோமீட்டர் என்று காட்டப்படும் சாளரம் உண்மையில் 0.11 ஆக இருந்தால் இன்னொரு 0.4 டெசிபெல் பிழை சேரும்.

ஆகவே மொத்தத் திறன் மட்டுமே வேண்டுமென்றால் என் தேர்வு பவர் மீட்டர்தான். ஆனால் அதற்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. இண்டியம் காலியம் ஆர்சனைடு டயோடின் உணர்திறன் அலைநீளத்துக்கேற்ப மாறுவதால், மீட்டரில் சரியான அலைநீளத்தை அமைத்தாக வேண்டும். ஒளியிழையில் வரும் ஒளியை வலுப்படுத்தும் எர்பியம் பெருக்கியின் வெளியீட்டில் 1550 நானோமீட்டர் ஒளியோடு, பெருக்கிக்கு ஆற்றல் ஊட்டும் 980 நானோமீட்டர் பம்ப் ஒளியின் மிச்சமும் கலந்து வந்தால், எந்த ஒரே அமைப்பும் சரியாகாது. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டப் பகுப்பாய்விதான் வேண்டும். லேசரின் அடியில் படர்ந்திருக்கும் தன்னிச்சை உமிழ்வும் அப்படியே. மீட்டர் அதையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளும்.

கையில் இரண்டும் இருந்தால், ஒரே ஒளியிழையை ஒரே லேசரிலிருந்து மாற்றி மாற்றிச் செருகி, மீட்டரோடு உள்ள வேறுபாட்டைப் பகுப்பாய்வியில் திருத்தமாகப் பதிந்துகொள்ளலாம். இணைப்பு முனைகளை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். சாய்வாகத் தீட்டிய கோண முனையைத் தட்டை முனையோடு சேர்த்தால் சில டெசிபெல்கள் அங்கேயே தொலைந்து, திருத்தமும் பொய்யாகிவிடும். அந்தத் திருத்தம் லேசரின் உச்சிக்குத்தான் பொருந்தும். எல்இடிக்குச் சாளரத்தின் உண்மையான அகலத்தைத் தனியே அளந்தாக வேண்டும்.