ஃபேபர்-காஸ்டல் 9000: முகம் வரைய பன்னிரண்டு பென்சிலும் வேண்டுமா?

ஃபேபர்-காஸ்டல் 9000, 1905 முதல் விற்பனையில் இருக்கும் பச்சைப் பென்சில். இதன் ஆர்ட் செட்டில் 2எச் தொடங்கி 8பி வரை 12 பென்சில்கள் உண்டு. எச் என்றால் கடினம், வெளிறிய கோடு. பி என்றால் மென்மை, கறுத்த கோடு. எண் கூடக் கூட அந்தக் குணமும் கூடும். எச்பி, எஃப் இரண்டும் நடுவில். முகம் வரைய மட்டும் வாங்குவதாக இருந்தால் 2எச், எச்பி, 2பி, 4பி, 8பி ஆகிய ஐந்தைச் சில்லறையாக வாங்கினாலே போதும். எஃப், 3பி, 7பி எல்லாம் டப்பாவிலேயே கிடக்கும்.

இந்தப் பென்சிலின் பலம் தோலின் நடுத்தர நிழல்களில் தெரியும். கன்னத்திலிருந்து தாடைக்கு இறங்கும் நிழலை 2பியால் மெல்லிய அடுக்குகளாக ஏற்றினால் திட்டுத் திட்டாகாது. அவுட்லைனுக்கு எச்பி, அதுவும் அழுத்தாமல். 2எச் வெளிறிய நிழலுக்கு மட்டும். அதை அழுத்திப் பிடித்தால் தாளில் பள்ளம் விழும். பிறகு மேலே 4பி தேய்த்தாலும் பள்ளத்துக்குள் இறங்காமல் வெள்ளைக் கோடுகளாக நிற்கும், ரப்பரால் சரிசெய்யவும் முடியாது. விரலால் தேய்ப்பதும் வேண்டாம். எண்ணெய்ப் பசை ஒட்டிக் கறையாகிவிடும். நிழலைத் தேய்த்துப் பரப்பவென்றே காகிதத்தை இறுக்கிச் சுருட்டிய குச்சி இருக்கிறதே!

கண்ணில்தான் பலர் சறுக்குகிறார்கள். விழியின் வெண்பகுதியை வெறுமையாக விட்டால் ஆள் முறைப்பதுபோல் இருக்கும். மேல் இமையை ஒட்டி அந்த வெண்பகுதியில் 2எச்சால் லேசாக நிழல் போட வேண்டும். பாவையில் ஒளிப்புள்ளிக்குத் தாளின் வெள்ளையை விட்டுவிட்டு, சுற்றிலும் 8பி.

இந்தப் பென்சிலின் குறையும் அந்த அடர் கறுப்பில்தான். பென்சில் முனையிலுள்ள கிராஃபைட் அடுக்கு ஏற ஏறப் பளபளக்கும். கருங்கூந்தலைப் படமெடுத்தால் வெளிச்சம் பட்டு சாம்பல் நிறமாகத் தெரியும். இது கிராஃபைட்டின் குணம், இந்த பிராண்டின் குற்றமல்ல. உண்மையான கறுப்பு வேண்டுமானால் கார்பன் அதிகமுள்ள ஸ்டெட்லர் மார்ஸ் லூமோகிராஃப் பிளாக் 8பி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சார்கோல் (கரி) பென்சிலானால் அதை முதலில் போடுங்கள். வழுவழுத்த கிராஃபைட்டின் மேல் அது பிடிக்காது.

தாள் 160 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) குறையாமல், மெல்லிய சொரசொரப்போடு இருக்கட்டும். வழவழப்பான தாளில் 8பி கறுக்கவே மாட்டேன் என்கிறது. இந்தப் பென்சிலின் லெட் (உள்ளே இருக்கும் கிராஃபைட் குச்சி) மரத்தோடு ஒட்டப்பட்டிருப்பதால் சீவும்போது எளிதில் உடையாது. ஆனாலும் 6பிக்கு மேற்பட்டவற்றை ஷார்ப்னரில் திருகாமல் பிளேடால் சீவுங்கள். நீளமான முனை கிடைக்கும், சாய்த்துப் பிடித்து நிழல் போட வசதி.