பிரஷர் பார்க்கப் பட்டை மெஷினா, ஸ்மார்ட் வாட்சா?

நான் மருத்துவர். பிரஷருக்கு மாத்திரை எழுதுவது என் அன்றாட வேலை. எனக்கே மேல் அளவு 150ஐத் தொட்டபோது, வீட்டில் எதை வைத்துப் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. மேல்கையில் பட்டை சுற்றிக் காற்றடைத்துப் பார்க்கும் பி.பி. மெஷின் ஒரு பக்கம். பட்டையே இல்லாமல் மணிக்கட்டிலிருந்து அளவு சொல்லும் ஸ்மார்ட் வாட்ச் இன்னொரு பக்கம். நான்கு மாதம் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தினேன். இப்போது பிரஷருக்குப் பட்டை மெஷின் மட்டும்தான். வாட்ச் இன்னும் கையில் இருக்கிறது, வேறு வேலைக்காக.

வசதியில் வாட்ச்தான் முந்தும், அதில் விவாதமே இல்லை. பட்டை கையை இறுக்கும், சத்தம் போடும், ஓரிடத்தில் உட்கார வைக்கும். வாட்சுக்கு இவை எதுவும் வேண்டாம், பயணத்திலும் கூடவே வரும். வசதி மட்டுமே கணக்கென்றால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

கணக்கு வேறிடத்தில் இருக்கிறது. இரண்டும் எதை அளக்கின்றன என்று முதலில் பார்த்துவிடலாம்.

பட்டை வைத்து அளக்கும் முறை 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி காட்டியது. கையைச் சுற்றிக் காற்றடைத்து ரத்தக்குழாயை நசுக்கு, பிறகு மெல்ல விடு, ரத்தம் மறுபடி எப்போது பாய்கிறது என்று பார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், அப்படி விடும்போது ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ஒலிகளைக் கண்டுசொன்னார். இன்றைய வீட்டு மெஷின் காதுக்குப் பதிலாகப் பட்டைக்குள் உள்ள காற்றின் அதிர்வைக் கவனிக்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம் சராசரி அழுத்தம். அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் ஒரு சூத்திரத்தால் கணக்கிடுகிறது. ஆக, பட்டை மெஷினிலும் கொஞ்சம் ஊகம் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அது உங்கள் ரத்தக்குழாயை நேரடியாக அழுத்திப் பார்த்துத்தான் பதில் சொல்கிறது. நேற்று என்ன சொன்னோம் என்பது அதற்குத் தேவையில்லை.

வாட்ச் எதையும் அழுத்துவதில்லை. பெரும்பாலான வாட்சுகள் தோலுக்குள் பச்சை ஒளியை அனுப்பி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கின்றன. இதயம் துடிக்கும்போது தோலடியில் ரத்தத்தின் அளவு கூடிக் குறைகிறதே, அந்த அலைதான் அதற்குக் கிடைப்பது. அலையின் வடிவத்தையும் வேகத்தையும் வைத்து, அழுத்தம் இவ்வளவு இருக்கலாம் என்று கணிக்கிறது. அழுத்தம் கூடினால் அலை மாறும், உண்மைதான். ஆனால் குளிரில் தோலின் குழாய்கள் சுருங்கினாலும் மாறும். பதற்றத்திலும் மாறும், மாத்திரை குழாயைத் தளர்த்தினாலும் மாறும். இதில் எது அழுத்தம், எது குழாயின் இறுக்கம் என்று பிரித்துச் சொல்ல அலைக்கு மட்டும் தெரியாது.

அதனால்தான் வாட்சுக்குக் கேலிபரேஷன், அதாவது பட்டை மெஷினின் அளவோடு பொருத்திச் சரிசெய்வது, வேண்டியிருக்கிறது. என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான்.

என்னுடைய வாட்ச் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கேட்கும். பட்டை மெஷினில் மூன்று தடவை பார்த்து அந்த எண்களைச் செயலியில் போட வேண்டும். போட்டால்தான் அடுத்த நான்கு வாரத்துக்கு அளவு சொல்லும். இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். பட்டை மெஷினுக்குப் பதிலாக வாங்கிய பொருள், பட்டை மெஷின் இல்லாமல் ஓடவே ஓடாது. அதுகூடப் பரவாயில்லை, வீட்டில் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். பெரிய சிக்கல், அந்த நான்கு வாரத்துக்குள் உடம்பு மாறினால் என்ன ஆகும் என்பது.

எனக்கு அது நடந்தது. இரண்டாவது மாதம் என்னைப் பார்க்கும் மருத்துவர் அம்லோடிபின் சேர்த்தார். அது ரத்தக்குழாயின் தசையைத் தளர்த்தும் மாத்திரை. முழு வேலையைக் காட்ட ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். பட்டை மெஷினில் என் காலை அளவு 146, 141, 137 என்று படிப்படியாக இறங்கி, பதினைந்தாம் நாள் 130இல் நின்றது. வாட்ச் அந்தப் பதினைந்து நாளும் 142க்கும் 147க்கும் நடுவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த கேலிபரேஷனில் புதிய எண்களைக் கொடுத்தேன். மறுநாள் காலை அது சொன்னது 129.

அன்று எனக்குள் ஏதோ தெளிந்தது. நான் கொடுத்த எண்ணைத்தான் அது எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. மாத்திரை வேலை செய்கிறதா என்பதுதான் நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிய வேண்டிய விஷயம். சரியாக அந்த இடத்தில் அது கைவிட்டுவிட்டது.

இது ஒரே ஒரு கையில், ஒரே ஒரு வாட்சில் நடந்தது. இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பட்டையில்லாக் கருவிகளை வைத்து நோயைக் கண்டறியவோ சிகிச்சையை முடிவு செய்யவோ வேண்டாம் என்றே சொல்கிறது. பட்டையில்லாக் கருவிகளை எப்படிச் சோதிப்பது என்று அதே ஆண்டு அந்தச் சங்கம் ஒரு பரிந்துரையும் தந்தது. ஓய்வில் உட்கார்ந்த நிலையில் பார்ப்பது, கையை ஏற்றி இறக்கிப் பார்ப்பது, மாத்திரைக்கு முன்னும் பின்னும் பார்ப்பது, விழிப்பிலும் தூக்கத்திலும் பார்ப்பது, உடற்பயிற்சியில் பார்ப்பது, அடுத்த கேலிபரேஷனுக்குச் சற்று முன் பார்ப்பது என ஆறு சோதனைகள்.

ஆறு எதற்கு? பட்டை மெஷினுக்கான வழக்கமான தரச் சோதனையில் 85 பேரை ஓய்வில் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டுப் பார்த்த அளவோடு சராசரி வித்தியாசம் 5 மி.மீ. பாதரசத்துக்குள்ளும், அந்த வித்தியாசம் ஆளுக்கு ஆள் சிதறும் விலகலின் அளவு 8க்குள்ளும் இருக்க வேண்டும். (பேச்சில் இந்த மி.மீ.யைப் புள்ளி என்றுதான் சொல்கிறோம், இனி அப்படியே சொல்கிறேன்.) ஒவ்வொரு முறையும் புதிதாக அளக்கும் மெஷினுக்கு இந்தச் சோதனை போதும். ஆனால் காலையில் கேலிபரேஷன் செய்து மதியம் சோதித்தால், காலை எண்ணை அப்படியே ஒப்பிக்கும் கருவியும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். அழுத்தம் மாறும்போது கருவியும் கூடவே மாறுகிறதா என்று பார்த்தாக வேண்டும். புதிய வாட்ச் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இதைத்தான். "மருத்துவமனைக் கருவிக்கு இணையான துல்லியம்" என்று தலைப்பில் இருக்கும். உள்ளே போனால் ஓய்விலிருந்த ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துப் பார்த்திருப்பார்கள்.

கேலிபரேஷனில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஆசிரியை என்னிடம் வருகிறார். ஒருநாள் வந்ததும் கைப்பேசியை நீட்டினார்.

"பாருங்க டாக்டர், மூணு மாசமா 125ஐத் தாண்டவே இல்லை. மாத்திரையைக் குறைச்சிடலாமா?"

நான் பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். 168க்கு 96. ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். 164.

"இந்த வாட்சை யாரும்மா செட் பண்ணிக் கொடுத்தது?"

"என் பையன்தான் டாக்டர்."

மகனைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அம்மா சமையலறையில் வேலையாக இருந்ததால், பட்டையைத் தன் கையில் கட்டிப் பார்த்து எண்களைப் போட்டிருக்கிறார். அடுத்த இரண்டு மாதமும் அப்படியே. மகனுடைய பிரஷரைத்தான் அந்த வாட்ச் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறது. மகன் மேல் தப்பே இல்லை. அந்த வேலை யார் கையில் நடக்க வேண்டும், ஏன் என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. ஆனால் நான் அன்று பட்டையை எடுக்காமல் அந்த வரைபடத்தை மட்டும் நம்பியிருந்தால், மாத்திரையைக் குறைத்திருப்பேன்.

பட்டை மெஷினிலும் தப்பு வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் காரணம் பட்டையின் அளவு. மிகப் பெரிய பட்டை வேண்டிய பருமனான கைக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் மேல் அளவு கிட்டத்தட்ட 20 புள்ளி வரை கூடுதலாகக் காட்டலாம் என்று 2023இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அந்த எண்ணை நம்பினால் தேவையில்லாத மாத்திரை உள்ளே போகும். இரண்டாவது, கை இருக்கும் இடம். மேசை மேல், இதய மட்டத்தில் வைக்காமல் மடியில் வைத்தால் சுமார் 4 புள்ளி, தொங்கவிட்டால் 6க்கும் மேல் கூடுகிறது என்பது 2024இல் வந்த இன்னோர் ஆய்வு. அப்புறம் பேசிக்கொண்டே பார்ப்பது, சட்டைக் கை மேலேயே சுற்றுவது, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காருவது, எல்லாம் அளவைக் கெடுக்கும். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர்களுக்குப் பட்டை மெஷினும் தடுமாறும். அவர்களுக்கு மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுக்கச் சொல்கிறேன்.

இந்தத் தப்புகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. பட்டை சின்னதாக இருக்கிறது, கை தொங்குகிறது என்று பக்கத்தில் நிற்கிற யாரும் சொல்லிவிடலாம், அந்த நிமிடமே சரிசெய்யலாம். வாட்சின் தப்பு வழவழப்பான வரைபடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது.

பராமரிப்பும் இப்படித்தான். பட்டையின் ஒட்டும் பகுதி நாளடைவில் பிடிப்பை இழக்கும், குழாய் விரிசல் விடும், பேட்டரி தீரும். பட்டையை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒருமுறை மெஷினை மருத்துவரிடம் எடுத்துப் போய் அங்குள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

மணிக்கட்டில் கட்டிக் காற்றடைக்கும் சின்ன மெஷின்களும் உண்டு. மணிக்கட்டு இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தாலே 7, 8 புள்ளி கூடிவிடும். மேல்கையில் எந்தப் பட்டையும் பொருந்தாதவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

வாட்சை நான் கழற்றாமல் இருப்பது துடிப்பின் சீரைப் பார்க்க. அங்கே அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2019இல் வெளியான ஆப்பிள் ஆய்வில் 4,19,000க்கும் அதிகமானோர் கலந்துகொண்டார்கள். துடிப்பு சீராக இல்லை என்ற எச்சரிக்கை வந்தது 0.5 சதவீதம் பேருக்கு. அவர்களில் பிற்பாடு மார்பில் ஈசிஜி ஒட்டு அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது, தெரிந்தது. அது வந்து வந்து போகும் கோளாறு என்பதால் 34 என்பது மோசமில்லை. துடிப்பின் நேரத்தை எண்ணுவதற்கு ஒளி அலை போதும், அழுத்தத்தை ஊகிக்க வேண்டியதில்லை.

2025 செப்டம்பரில் ஆப்பிள் வாட்சின் உயர் ரத்த அழுத்த எச்சரிக்கைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. அதில் எனக்குப் பிடித்தது, அது எண் எதுவும் சொல்வதில்லை. 30 நாள் அலைகளைப் பார்த்து, உங்களுக்குப் பிரஷர் இருக்கலாம், பட்டை மெஷினில் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறது. நிறுவனமே வெளியிட்ட கணக்கின்படி, பிரஷர் உள்ள 100 பேரில் ஏறக்குறைய 41 பேரைத்தான் பிடிக்கிறது. இல்லாத 100 பேரில் 92 பேரைத் தொந்தரவு செய்யாமல் விடுகிறது. ஆகவே எச்சரிக்கை வந்தால் அசட்டை வேண்டாம். வரவில்லை என்றால் பிரஷர் இல்லை என்று அர்த்தமில்லை. தன்னால் முடிந்ததை மட்டும் சொல்லும் கருவி என்று இதை மதிக்கிறேன்.

வாட்ச் ஜெயிக்க வேண்டும் என்று நானே ஆசைப்படும் இடம் ஒன்று உண்டு: இரவு. தூக்கத்தில் அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும், இறங்காதவர்களுக்கு ஆபத்து கூடுதல். 24 மணி நேரப் பட்டைக் கருவி அதைக் காட்டும், ஆனால் அரை மணிக்கு ஒருமுறை இறுக்கித் தூக்கத்தைக் கெடுக்கும். நான் அதை ஒரே ஓர் இரவு கட்டினேன், 14 சதவீதம் இறங்கியிருந்தது. வாட்ச் அதே இரவில் 4 சதவீதம் காட்டியது. ஓர் இரவை வைத்து இதற்கு மேல் பேச மாட்டேன். காப்பு மாதிரி கையில் மாட்டும் பட்டையில்லாக் கருவியைப் பத்து நாள்தான் இரவல் வாங்கிப் பார்த்தேன், அதைப் பற்றியும் கருத்துச் சொல்லும் அளவுக்குப் பழக்கமில்லை. கர்ப்பிணிகளை நான் பார்ப்பதில்லை. அவர்களுக்கென்று தனியாகச் சோதித்துத் தேறிய பட்டை மெஷின்கள் இருக்கின்றன, மகப்பேறு மருத்துவரைக் கேட்டு அதையே வாங்குவது நல்லது.

என் வழக்கம் இது. காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் சாப்பாட்டுக்கு முன். முதுகு சாய்த்து, பாதம் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா உட்காருவேன். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்ப்பேன். மாத்திரை மாற்றிய பிறகும் மருத்துவரைப் பார்க்கப் போகும் முன்பும் ஏழு நாள் இப்படி. முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரி 135/85க்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பேன். மற்ற நாட்களில் பார்ப்பதில்லை, அதனால் மனதுக்கும் நிம்மதி.

மெஷின் வாங்கப் போகிறவர்கள், முறையாகச் சோதித்துத் தேறியவற்றை ஸ்டிரைடு பிபி (STRIDE BP) என்ற இணையப் பட்டியலில் பார்க்கலாம். மாடல் பெயர் எழுத்துக்கு எழுத்து அதில் இருக்க வேண்டும், அதே நிறுவனத்தின் வேறொரு மாடல் இருந்தால் போதாது. போகும் முன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு டேப்பைச் சுற்றிக் கையின் சுற்றளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை செ.மீ. கைக்கு என்று பட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள்.